ஐந்து தெரிவுகளும் ஒரு 30 இலட்சமும்: ஊர்ப் பள்ளிக்கூடத்துக்கு எது முதலில்?

கடந்த சில மாதங்களில் ஒரே கேள்வி மூன்று இடங்களிலிருந்து வந்தது. ரொறன்ரோவில் இருக்கும் பழைய மாணவர் சிலர் கேட்டார்கள். லண்டனில் உள்ள ஓர் ஊர் ஒன்றியம் கேட்டது. இங்கே வடமராட்சியில் ஒரு பாடசாலை அபிவிருத்திச் சங்கத்தின் செயலாளரும் கேட்டார். "சேர், எங்கட பள்ளிக்கூடத்தை இன்ரநஷனல் தரத்துக்குக் கொண்டு வர வேணும். கொஞ்சக் காசு சேர்த்து வைச்சிருக்கிறம். எதில போடலாம்?"

யாழ் மாவட்டத்தின் மூன்று வலயங்களில் பௌதிகவியல் படிப்பித்து ஓய்வு பெற்றவன் நான். தொலைபேசியில் தனித்தனியாகச் சொன்னதை இங்கே சேர்த்து எழுதுகிறேன். கணக்குப் பார்க்க வசதியாக, கையில் 30 இலட்சம் ரூபா, காலம் ஐந்து ஆண்டு என்று வைத்துக்கொள்வோம்.

## முதலில், யாரோடு போட்டி?

சர்வதேசத் தரம் என்றதும் பலருக்கு நினைவில் வருவது சர்வதேசப் பாடசாலைதான். 1961க்குப் பிறகு புதிதாகத் தனியார் பாடசாலை தொடங்கச் சட்டத்தில் இடமில்லாததால், அவை கம்பனிச் சட்டத்தின் கீழ் பதிந்து இயங்குகின்றன. அங்கே லண்டன் ஏஎல் (பிரித்தானிய உயர்தரப் பரீட்சை) எடுத்த பிள்ளை, நம் உயர்தரப் பெறுபேற்றைத் தரப்படுத்திக் கணிக்கும் இசட் புள்ளி என்ற வழமையான வழியால் நம் நாட்டு அரச பல்கலைக்கழகத்துக்குப் போக முடியாது. வெளிநாட்டுத் தகைமைக்கென மிகச் சிறிய ஒதுக்கீடு மட்டுமே உண்டு. பரீட்சைக் கட்டணமும் பிரித்தானியப் பவுணில். 2022இல் ரூபா சரிந்து, ஒரு டொலர் 200 ரூபாவிலிருந்து சில மாதங்களில் 360 வரை போனபோது அந்தப் பெற்றோர் பட்ட பாட்டை ரியூசன் வாசல்களில் கேட்டிருக்கிறேன். ஆகவே அந்த மாதிரியைப் பார்த்து அரச பாடசாலையை மாற்றப் போவது நம் வேலை அல்ல.

உலகத்தோடு ஒப்பிட ஒரு நல்ல அளவுகோல் பீசா தேர்வு. 15 வயதுப் பிள்ளைகளுக்கு வாசிப்பு, கணிதம், விஞ்ஞானம் மூன்றிலும் வைப்பது. பாடத்தை ஒப்புவிக்கச் சொல்லாது. பஸ் நேர அட்டவணை, மருந்துப் பெட்டியின் துண்டுச் சீட்டு, ஒரு வரைபு போன்றவற்றைக் கொடுத்து, அதிலிருந்து என்ன விளங்குகிறது என்று கேட்கும். 2009 சுற்றின் நீட்சியாகத் தமிழ்நாடும் இமாச்சலப் பிரதேசமும் இந்தத் தேர்வில் கலந்துகொண்டபோது பட்டியலின் அடியில்தான் இடம் கிடைத்தது. ஆனால் 2012இல் முதல் தடவையாகக் கலந்துகொண்ட வியட்நாம் கணிதத்தில் 511 புள்ளி எடுத்தது. பணக்கார நாடுகளின் சராசரியே 494தான். அங்கே 15 வயதுப் பிள்ளைகளில் கணிசமானோர் அப்போது பள்ளிக்கு வெளியே இருந்ததால் அந்த எண்ணைக் கொஞ்சம் கவனமாகத்தான் எடுக்க வேண்டும். ஆனாலும் வியட்நாமியப் பிள்ளைகள் பெரும்பாலும் அரச பள்ளிகளில், தங்கள் தாய்மொழியில் படித்துத்தான் அந்த இடத்துக்கு வந்தார்கள்.

இதை வைத்து ஒவ்வொரு தெரிவிடமும் நான்கு கேள்விகள் கேட்கிறேன். எத்தனை பிள்ளைகளுக்குப் போய்ச் சேரும்? காசு நின்ற பிறகு என்ன மிஞ்சும்? ஓர் ஆசிரியர் இடமாற்றம் போனால் எல்லாமே விழுந்துவிடுமா? வேறொரு நாட்டுப் பிள்ளைக்கு முடிகிற எதை நம் பிள்ளைக்குப் புதிதாகக் கொடுக்கும்? நான்கிலும் எனக்குப் பெரிதாகப் படுவது முதலாவது.

## தெரிவு 1: ஆங்கில மொழிமூலம்

மூன்று அழைப்பிலும் முதலில் வந்தது இதுதான். ஆசையில் பிழையில்லை. யாழ் பல்கலைக்கழகத்தில் விஞ்ஞானம், மருத்துவம், பொறியியல் எல்லாம் ஆங்கிலத்தில்தான் கற்பிக்கிறார்கள். என்னிடம் படித்து உயர்தரத்தில் பௌதிகவியலில் ஏ எடுத்த ஒரு பெடியன், முதலாம் வருடம் முடிந்து வந்து சொன்னது இன்னும் காதில் நிற்கிறது: "சேர், மொமென்ரம் மொமென்ரம் எண்டு சொல்லிக்கொண்டே போனவை. அது எங்கட உந்தம்தான் எண்டு விளங்க எனக்கு ரெண்டு கிழமை போச்சுது." உந்தக் காப்பு விதியை நித்திரையிலும் எழுதுவான் அவன். அவனுக்குத் தெரியாமல் போனது ஒரே ஒரு சொல்.

இந்த இடைவெளியை அடைக்கத்தான் 2000களின் தொடக்கத்திலிருந்து அரச பாடசாலைகளில் இருமொழிக் கல்வியை அனுமதித்திருக்கிறார்கள். தரம் 6இலிருந்து விஞ்ஞானம், கணிதம் போன்ற சில பாடங்கள் ஆங்கிலத்தில், மற்றவை தாய்மொழியில். திட்டம் நல்லது. நம் மாவட்டத்தில் அது தடுக்கி விழுகிற இடம் ஆசிரியர். விஞ்ஞானமும் தெரிந்து அதை ஆங்கிலத்தில் தயக்கமின்றிக் கதைக்கவும் கூடியவர் ஒரு பாடசாலையில் ஒருவர் கிடைத்தாலே அதிர்ஷ்டம். அவருக்கு இடமாற்றம் வந்தால் தரம் 8இல் நிற்கும் பிள்ளை நடு ஆற்றில் நிற்கிறது. அப்படி நடுவில் கலைந்த ஒரு வகுப்பை நான் கிட்ட இருந்து பார்த்தேன். 22 பிள்ளைகளும் திரும்பத் தமிழ் வகுப்புக்கு வந்தார்கள். 'அமிலம்', 'காரம்' என்ற சொற்களைப் புதிதாகப் படிக்க வேண்டியிருந்தது.

மறைந்த செலவுகளும் உண்டு. ஆங்கில மொழிமூலத்தில் உயர்தரம் போகும் பிள்ளைக்கு யாழ்ப்பாணத்தில் ரியூசன் குறைவு. நல்ல குறிப்புகளும் கடந்தகால வினாத்தாள் விளக்கங்களும் தமிழில்தான் குவிந்து கிடக்கின்றன. இன்னொன்றையும் சொல்ல வேண்டும். வீட்டில் ஆங்கிலம் கேட்கிற பிள்ளைகள்தான் அந்த வகுப்பில் சேருவார்கள். இரண்டே ஆண்டில் 'கெட்டிக்கார வகுப்பு', 'மற்ற வகுப்பு' என்று பாடசாலை இரண்டாகும். மற்ற வகுப்புப் பிள்ளையின் முகத்தில் அது தெரியும்.

ஆங்கிலமா தமிழா என்ற கேள்வி நமக்குப் புதிதும் அல்ல. வட்டுக்கோட்டை செமினரி 1823இல் தொடங்கி ஆங்கிலத்தில் உயர்கல்வி கொடுத்தது. சென்னைப் பல்கலைக்கழகத்தின் முதல் பட்டதாரிகளான சி. வை. தாமோதரம்பிள்ளையும் கரோல் விசுவநாதபிள்ளையும் அங்கே படித்தவர்கள். அதே வலிகாமத்தில், மானிப்பாயில், சாமுவேல் பிஸ்க் கிறீன் மருத்துவத்தைத் தமிழிலேயே கற்பித்தார், மருத்துவ நூல்களையும் தமிழாக்கினார். இரண்டும் பலன் கொடுத்தன. இரண்டிலும் கற்பிக்க ஆள் இருந்தார்.

ஆகவே, ஒரு பாடத்துக்குக் குறைந்தது இரண்டு ஆங்கிலமொழி ஆசிரியர் உள்ள பெரிய பாடசாலை என்றால் தயங்காமல் தொடங்குங்கள். மற்றவர்களுக்கு மலிவான வழி ஒன்று இருக்கிறது. தரம் 9இலிருந்து ஒவ்வொரு விஞ்ஞான அலகுக்கும் முப்பது நாற்பது கலைச்சொற்களைத் தமிழிலும் ஆங்கிலத்திலும் எழுதிச் சுவரில் ஒட்டுவது, கிழமைக்கு ஒருமுறை ஆங்கிலத்தில் வாய் திறந்து கதைக்க வைப்பது. இதற்கு வெளிநாட்டில் இருப்பவர்களின் காசை விட நேரம்தான் உதவும். நமக்குச் சனிக்கிழமை பின்னேரம் 7 மணி என்றால், கோடை காலத்தில் ரொறன்ரோவில் அன்று காலை 9.30. கையில் கோப்பிக் கோப்பையோடு அரை மணி நேரம் சூமில் ஐந்து பிள்ளைகளோடு கதைக்க ஒருவரால் முடியும்.

## தெரிவு 2: கட்டடமும் ஸ்மார்ட் வகுப்பறையும்

இதைப் பற்றி அதிகம் எழுத எனக்கு மனமில்லை. திறப்பு விழாப் படமும் பெயர்ப்பலகையும் கிடைப்பதால்தான் அதிகம் பேர் இதைத் தேர்ந்தெடுக்கிறார்கள். தொடுதிரை பழுதானால் திருத்த ஆள் கொழும்பிலிருந்து வர வேண்டும். கடற்காற்று அடிக்கிற தீவகத்திலும் வடமராட்சியிலும் இலத்திரனியல் சாமான்கள் கெதியாகத் துருப்பிடிக்கும். மின்கட்டணத்தை யார் கட்டுவது என்று யாரும் முன்கூட்டிக் கேட்பதில்லை. கரும்பலகையில் எழுதுவதையே திரையில் காட்டினால் பிள்ளைக்குப் புதிதாக ஒன்றும் கிடைக்காது.

ஆனால் ஒரு விதிவிலக்கு. கூரை ஒழுகினால், பெண்பிள்ளைகளுக்குப் பூட்டுப் போடக்கூடிய மலசலகூடம் இல்லையென்றால், குடிதண்ணீர் இல்லையென்றால், இந்தக் கட்டுரையின் மற்ற எல்லாவற்றையும் தள்ளி வைத்துவிட்டு அதைச் செய்யுங்கள். மாதத்தில் மூன்று நாள் பள்ளிக்கு வராத பெண்பிள்ளைக்கு எந்தத் திட்டமும் போய்ச் சேராது.

## தெரிவு 3: திறந்திருக்கும் ஆய்வுகூடம்

'ஆய்வுகூடம் கட்டிக் கொடுப்பது' என்று நான் எழுதவில்லை. பல பாடசாலைகளில் ஆய்வுகூடம் ஏற்கெனவே இருக்கிறது, பூட்டியபடி.

காரணம் சோம்பல் அல்ல. நம் உயர்தரத்தில் பௌதிகவியல், இரசாயனவியல், உயிரியல் மூன்றுக்கும் தனியாகச் செய்முறைப் பரீட்சை கிடையாது. பரிசோதனை பற்றிய கேள்வி, சிறு சிறு பகுதிகளாகப் பிரித்துக் கேட்கும் அமைப்புக் கட்டுரைப் பகுதியில் எழுத்தில் வரும். ஆகவே உபகரணத்தைத் தொடாமலே ஏ எடுக்கலாம். கேம்பிரிட்ஜ் ஏஎல் பௌதிகவியலில் பிள்ளை ஆய்வுகூடத்தில் உபகரணத்தின் முன் இருந்து, தானே அளந்து, தானே வரைபு கீறி, வழுவைக் கணித்து எழுதும் தாள் ஒன்று இருக்கிறது. உலகத்துக்கும் நமக்கும் உள்ள தூரத்தை எனக்கு இந்த ஒரு விடயம் மிக நெருக்கமாகக் காட்டுகிறது.

சில ஆண்டுகளுக்கு முன் ஒரு பாடசாலைக்கு மேற்பார்வைக்குப் போயிருந்தேன். உயர்தரம் இரண்டாம் வருடப் பிள்ளைகள். மின்தடையை அளக்கும் மீற்றர்ப் பாலத்தில் வரும் வழுக்கள் எவை என்று கேட்டேன். முன் வாங்கில் இருந்த பிள்ளை எழும்பி, முனைத் திருத்தம், கம்பி சீராக இல்லாமை, சூடேறுதல் என்று வரிசை குழம்பாமல் சொன்னாள். மிக நன்றாகப் படித்த பிள்ளை. அலுமாரியைத் திறந்து மீற்றர்ப் பாலத்தை எடுத்து மேசையில் வைத்தேன். கம்பியில் பச்சை படிந்திருந்தது, கீழே ஒட்டியிருந்த அளவுகோல் கழன்று தொங்கியது. சிறிய மின்னோட்டத்தைக் காட்டும் கல்வனோமானியின் வயரைக் கையில் பிடித்துக்கொண்டு அந்தப் பிள்ளை என்னைப் பார்த்தாள். "சேர், இதை எங்க கொளுவிறது?" ஆறு வினாத்தாளில் அதே சுற்றைக் கீறியிருந்தாள். அன்றைக்குச் சமநிலைப் புள்ளியைத் தானாகக் கண்டுபிடித்து, முள் பூச்சியத்துக்கு வந்தபோது அவள் சத்தம் போட்டுச் சிரித்ததை நான் மறக்கமாட்டேன்.

அங்கே காசு தேவைப்பட்டது உபகரணத்துக்கு அல்ல. கிழமைக்கு நான்கு நாள் ஆய்வுகூடத்தைத் திறந்து, சுற்றை அடுக்கி வைத்து, கண்ணாடிச் சாமான்களைக் கழுவி, பிள்ளையின் பக்கத்தில் நிற்க ஓர் ஆள் வேண்டும். விஞ்ஞானப் பட்டம் முடித்து வேலைக்குக் காத்திருக்கும் இளைஞர் ஊரிலேயே இருக்கிறார்கள். மாதம் 45,000 ரூபா கொடுத்தால் ஆண்டுக்கு 5,40,000. ஐந்து ஆண்டுக்கு 27 இலட்சம். மிச்சம் 3 இலட்சத்தில் இரசாயனப் பொருள், மின்கலம், உடைந்த அளவிகளுக்குப் பதில் புதியவை எல்லாம் வாங்கலாம்.

மறைந்த செலவு: அந்த இளைஞருக்கு அரச நியமனம் வந்தால் போய்விடுவார், போகத்தான் வேண்டும். ஆகவே ஒவ்வொரு பரிசோதனைக்கும் அடுக்கும் முறையை எழுதி, படம் எடுத்து ஒரு கோப்பில் வைப்பதை அவருடைய வேலையில் ஒரு பகுதியாக முதல் நாளே சொல்லிவிடுங்கள். இன்னொரு சிக்கல், உயர்தரப் பெற்றோர் சிலர் "பரீட்சைக்கு வராததில ஏன் நேரம்?" என்பார்கள். அமைப்புக் கட்டுரைப் புள்ளி ஏறுவதைக் காட்டினால் அவர்கள் சமாதானமாகிறார்கள் என்பது என் அனுபவம். ஏஎல் பிள்ளைகளோடு மட்டும் நிறுத்தாமல் தரம் 6 பிள்ளைகளையும் உள்ளே விட்டால் இந்தக் காசு பாடசாலை முழுவதற்கும் போகும்.

## தெரிவு 4: ஒலிம்பியாட்டும் போட்டிகளும்

கணித ஒலிம்பியாட், ரோபோ, விவாதம் என்று பிள்ளைகளைத் தயார்படுத்துவது. பெயர் வரும், பத்திரிகையில் படம் வரும், உண்மையிலேயே கெட்டிக்காரப் பிள்ளைக்குத் தீனி கிடைக்கும். சர்வதேச கணித ஒலிம்பியாட்டில் வினாக்களை அந்தந்த நாட்டுப் பிள்ளைகளின் மொழிக்கு மாற்றிக் கொடுப்பது வழக்கம் என்பதால், மொழி அங்கே பெரிய தடையாக இருக்காது.

ஆனால் இது பத்துப் பிள்ளைகளுக்கான திட்டம். ஆயிரம் பிள்ளைகள் படிக்கிற பட்டினத்துப் பாடசாலையில், வேறு அடிப்படைகள் சரியாக இருந்தால், 30 இலட்சத்தில் ஓர் ஐந்தை இதற்கு ஒதுக்கலாம். சின்னப் பாடசாலையில் இதைத் தொடங்கினால் ஒரே நல்ல கணித ஆசிரியரின் பின்னேரங்கள் எல்லாம் நான்கு பிள்ளைகளோடு போய்விடும்.

## தெரிவு 5: தரம் 1 முதல் 3 வரை வாசிப்பு

இதை யாரும் என்னிடம் கேட்கவில்லை. நானாகத்தான் சொல்கிறேன்.

ஓய்வுக்குப் பிறகு பக்கத்து ஆரம்பப் பாடசாலையில் கிழமைக்கு ஒருநாள் போய் இருக்கிறேன். தரம் 4 பெடியன் ஒருவன் தமிழ்ப் புத்தகத்தின் பாடத்தை மளமளவென்று வாசித்தான். சந்தேகத்தில் அதே சொற்களை வேறு ஒழுங்கில் ஒரு கடுதாசியில் எழுதிக் கொடுத்தேன். முதல் சொல்லிலேயே நின்றான். விரல் சொல்லுக்குக் கீழே, கண் என் முகத்தில். புத்தகம் முழுவதையும் காதால் பாடமாக்கி வைத்திருந்தான். அந்த ஞாபகசக்திக்கு எழுத்தும் தெரிந்திருந்தால் அவன் எங்கே நின்றிருப்பான் என்று நினைக்க நெஞ்சு அடைத்தது.

இப்படியான பிள்ளை தரம் 5 புலமைப்பரிசில் பரீட்சைக்கு முன்னால் வகுப்பின் பின் வாங்குக்குப் போய்விடும். ஆசிரியரின் கவனம் வெட்டுப்புள்ளியைத் தாண்டக்கூடிய பிள்ளைகளில் இருக்கும். ஆசிரியரையும் குற்றம் சொல்ல முடியாது, பெற்றோர் கேட்பது அந்தக் கணக்கைத்தான். பிறகு தரம் 9இல் விஞ்ஞானம் விளங்கவில்லை என்பார்கள். விஞ்ஞானப் புத்தகத்தை அந்தப் பிள்ளையால் வாசிக்க முடியவில்லை என்பது யாருக்கும் தெரியாது. பீசா போன்ற தேர்வில் ஒரு நாட்டைக் கீழே இழுப்பது இந்தப் பிள்ளைகள்தான். வாசிப்புத் தெரியாவிட்டால் அங்கே கணிதக் கேள்வியும் விளங்காது.

செலவு மற்ற எல்லாவற்றையும் விடக் குறைவு. கதைப் புத்தகங்கள், பெரிய எழுத்து, பக்கத்துக்கு ஓரிரு வரி. பின்தங்கிய பிள்ளைகளை நாலு நாலு பேராக நாளுக்கு அரை மணி நேரம் வைத்து வாசிக்க ஒருவர். ஊரில் ஓய்வு பெற்ற ஆசிரியைமார் இதற்கு ஏற்றவர்கள், போக்குவரத்துச் செலவு கொடுத்தாலே வருவார்கள். ஆண்டுக்கு 2, 3 இலட்சத்தில் சின்னப் பாடசாலை ஒன்றுக்குச் செய்யலாம். குறை, இதில் படம் எடுக்க ஒன்றும் இல்லை. பலன் தெரிய மூன்று ஆண்டு ஆகும். அதுவரை காசு கொடுத்தவர்களுக்குப் பொறுமை வேண்டும்.

## பக்கத்தில் பக்கத்தில் வைத்தால்

| தெரிவு | யாருக்குப் போகும் | காசு நின்றால் | ஆள் மாறினால் |
|---|---|---|---|
| ஆங்கில மொழிமூலம் | ஒரு வகுப்பு | ஆசிரியர் இருந்தால் தொடரும் | விழும் |
| ஸ்மார்ட் வகுப்பறை | முறை வைத்து எல்லோருக்கும் | பழுதாகும் வரை | பாவனை குறையும் |
| ஆய்வுகூட ஆள் | தரம் 6–13 | உபகரணமும் கோப்பும் மிஞ்சும் | கோப்பு இருந்தால் தப்பும் |
| போட்டிகள் | பத்துப் பேர் | ஒன்றும் மிஞ்சாது | விழும் |
| வாசிப்பு | பின்தங்கிய எல்லோரும் | வாசிக்கத் தெரிந்த பிள்ளை | ஊரில் வேறு ஆள் கிடைக்கும் |

## எந்தப் பாடசாலைக்கு எது

தீவகத்திலோ வலிகாமத்தின் உட்கிராமத்திலோ நூறு, நூற்றைம்பது பிள்ளைகள் உள்ள பாடசாலை என்றால் யோசிக்கவே வேண்டாம்: வாசிப்பு. மிஞ்சும் காசைத் தண்ணீருக்கும் மலசலகூடத்துக்கும் போடுங்கள். ரொறன்ரோக்காரரிடம் நான் சொன்னதும் இதுதான். அவர்களுடைய பள்ளிக்கூடம் அப்படியானது. கொஞ்ச நேரம் அமைதி. "அப்ப பெயர்ப்பலகை?" என்று ஒருவர் கேட்டார். புத்தகங்களின் உள்ளட்டையில் பெயர் போடலாம் என்றேன், சம்மதித்தார்கள்.

உயர்தர விஞ்ஞானப் பிரிவு உள்ள மாகாணப் பாடசாலைக்கு ஆய்வுகூட ஆள். வடமராட்சிச் செயலாளருக்கு அதைத்தான் சொன்னேன். பல்கலைக்கழக இடங்களில் 40 வீதம் இசட் புள்ளியின் தேசிய வரிசைக்கும் 55 வீதம் மாவட்ட ஒதுக்கீட்டுக்கும் போகிற முறையில், அமைப்புக் கட்டுரையில் ஏறுகிற நாலு புள்ளியும் ஒரு பிள்ளையின் வாழ்க்கையை மாற்றும் என்பதால் பெற்றோரும் கூட வருவார்கள். ஆனால் அதற்குக் கீழே ஆரம்பப் பிரிவும் இருந்தால், 30 இலட்சத்தில் 6 இலட்சத்தை வாசிப்புக்குப் பிரித்து வையுங்கள். மிச்சம் 24 இலட்சம் ஆய்வுகூடத்துக்கு ஏறக்குறைய நான்கு ஆண்டுக்குப் போதும். அதற்குள் மறுபடி சேர்க்கலாம்.

பட்டினத்துத் தேசியப் பாடசாலைக்கு, ஆசிரியர் இருந்தால் ஆங்கில மொழிமூலம். லண்டன் ஒன்றியத்தின் பள்ளி அந்த வகை. அவர்களிடம் ஒரு நிபந்தனையோடு சொன்னேன்: பாடத்துக்கு இரண்டு ஆசிரியர் என்று அதிபர் எழுத்தில் தந்த பிறகுதான் முதல் பவுணை அனுப்புங்கள்.

எந்தத் தெரிவானாலும் காசு பாடசாலை அபிவிருத்திச் சங்கத்தின் கணக்கூடாகப் போகட்டும், வலயக் கல்வி அலுவலகத்துக்கும் முன்கூட்டி அறிவியுங்கள். வெளி ஆளை வகுப்புக்குள் விட அனுமதி எழுத்தில் இருக்க வேண்டும். அதிபரோடு முதல் தடவை கதைக்கும்போது திட்டத்தைச் சொல்வதற்கு முன் மூன்று விடயம் கேட்டுப் பாருங்கள். தரம் 3இல் எத்தனை பிள்ளைகளுக்கு இன்னும் வாசிக்க வராது? அடுத்த இரண்டு ஆண்டில் எந்தெந்த ஆசிரியருக்கு இடமாற்றம் வரும்? ஆய்வுகூடத் திறப்பு யாரிடம் இருக்கிறது, கடைசியாக எப்போது திறந்தீர்கள்?